நடுவயதில் ஒளிப்படம் படிக்க: பிரிட்டனில் உள்ள ஐந்து வழிகளும் அவற்றில் கிடைக்கும் பின்னூட்டமும்

நாற்பது, ஐம்பது வயதில் ஒளிப்படக்கலையை முறையாகப் படிக்க நினைப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது பாடத்திட்டத்தை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், ஒளியின் திசை, ஒளிப்பட வரலாறு ஆகியவை எல்லாப் படிப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி நூலகத்திலும் யூடியூபிலும் காசில்லாமல் கிடைக்கிறது. காசு கொடுத்தால் மட்டுமே கிடைப்பது, விவரம் தெரிந்த ஒருவர் உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்த்து எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்று சொல்வது.

ஆகவே படிப்புகளை ஒப்பிட நான்கு கேள்விகள் போதும். யார் பார்க்கிறார்? ஆண்டுக்கு எத்தனை முறை பார்க்கிறார்? தேர்ந்தெடுத்த பத்துப் படங்களை மட்டுமா, எடுத்த இருநூறையுமா? அவர் சொன்னதைக் கேட்டுத் திருத்திய பிறகு மறுபடியும் பார்ப்பாரா? இந்த நான்காவது கேள்வியில்தான் பெரும்பாலான வழிகள் சறுக்குகின்றன.

பிரிட்டனில் வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு படிக்க விரும்புகிற ஒருவர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன: தொலைநிலைப் பட்டப் படிப்பு, இணையவழி முதுகலை, மாலை வகுப்பு, ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் தகுதிநிலைகள், ஊர் கேமரா கிளப்.

தொலைநிலைப் பட்டம்

ஓபன் காலேஜ் ஆஃப் தி ஆர்ட்ஸ், சுருக்கமாக ஓசிஏ, 1987இல் மைக்கேல் யங் தொடங்கியது. 1969இல் பிறந்த தொலைநிலைப் பல்கலைக்கழகமான ஓபன் யூனிவர்சிட்டிக்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர். 2023 முதல் ஓசிஏ அந்த ஓபன் யூனிவர்சிட்டியின் ஒரு பகுதியாகிவிட்டது. பள்ளியை விட்டு முப்பது ஆண்டுகள் ஆனவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் அடிப்படைக் கொள்கை.

முதலில் நேரக் கணக்கைப் போட்டுவிடுவோம், ஏனெனில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் 1 கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது 3,600 மணி. வாரத்துக்கு 10 மணி ஒதுக்க முடிந்தால், ஒரு வாரம்கூட விடாமல் படித்தாலும் ஏழு ஆண்டுகள் ஆகும். இந்த எண்ணைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. 120 கிரெடிட் முடித்ததும் உயர்கல்விச் சான்றிதழோடும், 240இல் டிப்ளோமாவோடும் நின்றுகொள்ளலாம். வாரம் 10 மணி கணக்கில் முதல் 120 கிரெடிட் இரண்டேகால் ஆண்டு வேலை. நடுவயதில் சேருகிறவர்கள் முதல் நிலையை மட்டும் இலக்காக வைத்துத் தொடங்குவதே நல்லது. அதன் முடிவில் மேலே போக வேண்டுமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஓசிஏ வளர்த்தெடுத்த பின்னூட்ட முறை இப்படி: அசைன்மென்ட்டை அனுப்பினால் டியூட்டர் எழுத்திலோ வீடியோ அழைப்பிலோ கருத்துச் சொல்வார். அந்தக் கட்டத்தில் மதிப்பெண் கிடையாது. எல்லாவற்றையும் திருத்தி, கற்றல் பதிவேட்டோடு சேர்த்துக் கடைசியில் அளிக்கும் தொகுப்புக்குத்தான் மதிப்பெண். மதிப்பெண் கையில் இல்லாததால் டியூட்டர் மனம்விட்டுப் பேசுகிறார். மாணவரும் சொதப்பக்கூடிய ஒன்றைத் துணிந்து செய்து பார்க்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் மதிப்பெண் வாங்கியே வளர்ந்த நம்மவர்களுக்கு இது தொடக்கத்தில் சங்கடமாக இருக்கும். "நல்லா இருக்கா, இல்லையா?" என்ற கேள்விக்கு நேரான விடை வராது. ஆனால் நான்கு கேள்விகளுக்கும் ஒருசேர நல்ல பதில் தரும் ஒரே முறை இதுதான் என்பது எங்கள் துணிபு.

அது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓசிஏ ஒளிப்படப் படிப்பில் பல ஆண்டுகள் முதல் அசைன்மென்ட்டாக இருந்தது "சதுர மைல்". நீங்கள் வாழும், அல்லது வளர்ந்த, சிறு வட்டாரத்தை ஆறு முதல் பன்னிரண்டு படங்களில் காட்ட வேண்டும். மதிப்பெண்ணில் சேராத, மாணவரை டியூட்டருக்கு அறிமுகப்படுத்துகிற வேலை அது. வெஸ்ட் ஈலிங்கில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் இதற்காக ஆகஸ்ட் மாதம் நடக்கும் கனகதுர்க்கை அம்மன் கோவில் தேரை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடைபாதையில் நின்று, தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் 70–200 மில்லிமீட்டர் லென்ஸில் காவடி, தேர், தீச்சட்டி என்று முந்நூறு படங்கள். அனுப்பிய எட்டும் வண்ணமயம். டியூட்டரிடமிருந்து வருவது பெரும்பாலும் இதுதான்: துடிப்பாக இருக்கிறது, ஆனால் வெளியூர்க்காரர் எடுத்ததுபோல் இருக்கிறது, இந்தத் தெருவோடு உங்களுக்கு என்ன உறவு என்று படங்கள் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் கோபம் வரும். தூக்குக்காவடி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் நம்மை வெளியூர்க்காரர் என்பதா? கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவர் சொன்னதில் சரக்கு இருக்கிறது. அவருக்குத் திருவிழா தெரியாது என்பதே அவரது பயன். படத்துக்குள் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரிகிறது. நம் மனத்தில் இருந்து நாமே நிரப்பிக்கொள்வது அவருக்குத் தெரிவதில்லை. நீள லென்ஸ் தூரத்தைச் சுருக்கி, நின்ற இடத்தை அழித்துவிட்டது. அகலமாகப் பார்க்கும் 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸோடு கூட்டத்துக்குள் நடந்திருந்தால் எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பது படத்திலேயே இருந்திருக்கும். தேர் வருவதற்கு முந்தைய நாள் தேங்காய் மூட்டைகள் இறங்குவது, பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் காரை நகர்த்துவது, தேர் போன பிறகு உடைந்த தேங்காய்ச் சில்லுகளைக் கூட்டும் தொண்டர்கள், திங்கட்கிழமை காலை அதே தெரு: இவை வெளியூர்க்காரருக்குக் கிடைக்காத படங்கள். நல்ல டியூட்டர் இவற்றைச் சொல்லித் தர மாட்டார், சொல்லவும் அவருக்குத் தெரியாது. ஆனால் மாணவரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். இந்தத் திருப்பத்துக்குத்தான் கட்டணம்.

அதே சமயம் டியூட்டரின் அறியாமைக்கு எல்லை உண்டு. அலகு குத்தியவரின் படத்தை அவர் "வலி", "வன்முறை" என்று படித்தால், அங்கே அடங்கிவிடக் கூடாது. நேர்த்தி என்றால் என்ன என்று இரண்டு வாக்கியத்தில் குறிப்பு எழுதுங்கள். இந்தியத் தெருக்களை வண்ணத்தில் எடுத்த ரகுபீர் சிங் (1942–1999) போன்ற ஒருவரை முன்னோடியாகக் காட்டி, வண்ணமும் நெரிசலும் இந்த உலகின் இயல்பு, அலங்காரமாகச் சேர்த்தவை அல்ல என்று வாதாடுங்கள். டியூட்டரோடு காரணம் சொல்லி முரண்படுவதை மதிப்பீட்டுக் குழு குறையாக எடுத்துக்கொள்வதில்லை. காரணம் சொல்லாமல் புறக்கணிப்பதுதான் குறை.

டியூட்டருக்கு என்ன அனுப்புவது

பின்னூட்டம் மேலோட்டமாக வருகிறது என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேர் மேலோட்டமாகவே அனுப்புகிறார்கள். தேர்ந்த எட்டுப் படங்களை மட்டும் அனுப்பினால் டியூட்டருக்கு அந்த எட்டைப் பற்றி மட்டுமே பேச முடியும். தொடக்க நிலை மாணவர்களின் பெரிய சிக்கல் எடுப்பதில் இல்லை, தேர்வதில் இருக்கிறது. நல்ல படம் அவர்களது கார்டிலேயே கிடக்கும், கண்ணில் படாமல் போயிருக்கும். ஆகவே எடுத்த எல்லாப் படங்களையும் சிறிதாக அடுக்கிக் காட்டும் காண்டாக்ட் ஷீட்டை இணையுங்கள். பக்கத்துக்கு 5 பத்தி, 7 வரிசை என 35 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் கோப்பு எண். எடுத்த வரிசையிலேயே, அழிக்காமல். முதல் சுற்றில் தேர்ந்தவற்றுக்கு ஒரு நிறம், இரண்டாம் சுற்றுக்கு வேறு நிறம். படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் பிரிண்ட் பகுதியிலேயே இதைச் செய்துவிடலாம்.

கூடவே 300 முதல் 500 சொற்களில் ஒரு குறிப்பு: எதைக் காட்ட முயன்றேன், எப்படி எடுத்தேன், எங்கே தடுக்கியது. களக் குறிப்பை முதலில் தமிழில் எழுதிக்கொள்வது பலருக்குக் கைகொடுக்கும். ஆங்கிலத்திலேயே தொடங்கினால் தெரிந்த சொற்களுக்கு ஏற்ப எண்ணம் சுருங்கிவிடுகிறது.

கடைசியாக, இரண்டே இரண்டு கேள்விகள். "என் படங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பாராட்டுதான் வரும். "4, 7 இரண்டும் அடுத்தடுத்து நின்றால் ஒன்றை ஒன்று அடிக்கிறதா? 5ஐ எடுத்துவிட்டால் வரிசையில் என்ன அறுந்துபோகும்?" என்று கேட்டால் அவர் படங்களைத் திறந்து வைத்து யோசித்தே ஆக வேண்டும்.

"இருட்டாக இருக்கிறது", "நிறம் செத்திருக்கிறது" என்று கருத்து வந்தால், பார்வையைக் குறை சொல்லும் முன் கோப்பைச் சோதியுங்கள். கடையில் வாங்கிய நிலையில் திரைகள் மிகப் பிரகாசமாக இருக்கும். அந்தத் திரையில் சரியாகத் தெரியும்வரை நாம் படத்தை இருட்டாக்கிக்கொண்டே போவோம். பிரிண்ட்டிலும் மற்றவர் திரையிலும் அது சேற்றில் முக்கியதுபோல் தெரியும். திரையின் ஒளியை அளக்கும் கருவி கொண்டு அதன் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை, வெண்மையைப் பகலொளியை ஒத்த டி65 என்று அமையுங்கள். நிறம் வெளிறுவதற்கு வழக்கமான காரணம் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற அளவுமுறையில் ஏற்றுமதி செய்தது: கோப்பின் நிற அடையாளத்தைப் படிக்காத செயலி அந்த எண்களைத் திரைகளின் வழக்கமான நிற அளவுமுறையான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு மங்கலாகக் காட்டும். திரைக்கு அனுப்பும் எதையும் எஸ்ஆர்ஜிபியில், நீளப் பக்கம் 2,000 பிக்சல் அளவில், ஜேபெக் தரம் 80–85இல் அனுப்பினால் போதும். வாசிப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தவர்கள் வியூபைண்டர் ஓரத்தில் உள்ள, அதைக் கண்ணின் பார்வைக்கு ஏற்ப அமைக்கும் டயாப்டர் சக்கரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்; பையில் உரசி அது நகர்ந்துவிடும். மேனுவல் போகஸ் திடீரென்று தவறத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

பதில் வந்த பிறகு

பதில் வருவதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். தொலைநிலைப் படிப்பில் மாணவர்கள் விழுவது இந்த இடைவெளியில்தான். பதில் வரட்டும் என்று கேமராவை வைத்துவிட்டால் வேலையும் வீடும் அந்த நேரத்தை விழுங்கிவிடும், திரும்ப எடுக்க இரண்டு மாதம் ஆகும். அனுப்பிய மறுநாளே அடுத்த அசைன்மென்ட்டின் முதல் படப்பிடிப்பை நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

பதில் வந்த அன்றே எதையும் மாற்றாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி படித்து, கருத்துகளை மூன்றாகப் பிரியுங்கள்: ஏற்பவை, செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பவை, ஏற்காதவை. மூன்றாவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் வேண்டும். காரணம் எழுத வரவில்லை என்றால் அது இரண்டாவது பிரிவுக்குப் போக வேண்டிய கருத்து. திருத்தும்போது பழைய வடிவத்தின் மேல் எழுதாதீர்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் மாற்றம் தெரியும், மதிப்பீட்டுக் குழு தேடுவதும் அந்த மாற்றத்தைத்தான்.

வரிசையை மாற்றச் சொன்னால் திரையில் செய்யாதீர்கள். 6×4 அங்குலத்தில் மலிவாகப் பிரிண்ட் போட்டு மேசையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொரு படமும் தனித்தனியாக அழகாகத் தெரியும். மேசையில் மூன்று படங்கள் ஒரே வேலையைச் செய்வது ஒரு நிமிடத்தில் கண்ணில் பட்டுவிடும்.

சில கருத்துகள் திரும்பத் திரும்ப வரும். "விளக்கப்படம்போல் இருக்கிறது" என்றால், குறிப்பில் எழுதியதையே படமும் சொல்கிறது, கூடுதலாக ஒன்றும் தரவில்லை என்று பொருள். தனிமையைக் காட்ட வெற்று நாற்காலி வைத்திருப்பீர்கள். "இன்னும் இறுக்கித் தேருங்கள்" என்றால் பன்னிரண்டில் நான்கு வீண். "இன்னாரைப் பாருங்கள்" என்று ஒரு பட்டியல் வந்தால், அவரைப் போல எடுங்கள் என்று அதற்குப் பொருளில்லை. உங்கள் சிக்கலை அவர் எப்படித் தீர்த்தார் என்று பார்க்கச் சொல்கிறார். ஒருவரின் மூன்று படங்களை எடுத்து, கேமரா எந்த உயரத்தில் இருந்தது, ஒளி எங்கிருந்து வந்தது, எதை வெளியே விட்டார் என்று எழுதினால் போதும். பத்துப் பேரின் வாழ்க்கைக் குறிப்பை நகலெடுத்து வைப்பதால் பயனில்லை.

டியூட்டரோடு ஒத்துவரவில்லை என்றால்? ஒரு கடுமையான பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு அசைன்மென்ட் பாருங்கள். இரண்டிலும் உங்கள் குறிப்பைப் படித்த அடையாளமே இல்லை, எந்தப் படத்தையும் எண் சொல்லிப் பேசவில்லை என்றால் மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை. மின்னஞ்சலில், குறிப்பிட்ட வரிகளைச் சுட்டிக் கேளுங்கள். பதில் கடுமையாக இருப்பது வேறு, கவனமில்லாமல் இருப்பது வேறு.

இணையவழி முதுகலை

ஏற்கெனவே ஏதோ ஒரு துறையில் பட்டம் உள்ளவர்கள் இந்த வழியை அவசியம் பார்க்க வேண்டும். காரணம் பணம். இங்கிலாந்தில் பட்டப் படிப்புக் கட்டணக் கடனுக்கு வயது வரம்பு இல்லை, பகுதிநேரப் படிப்புக்கும் கிடைக்கும். ஆனால் அதே நிலையிலோ மேலான நிலையிலோ முன்பே ஒரு தகுதி இருந்தால் பொதுவாகக் கிடைக்காது, அந்தத் தகுதி யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வாங்கியதாக இருந்தாலும். சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்டும் நிலைக்கு வருவது கொடுமை. 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்கு வாழ்நாள் கற்றல் உரிமை என்ற புதிய ஏற்பாடு வருகிறது. அதில் இந்தத் தடை தளர்கிறது, ஆனால் 60 வயது வரம்பு நுழைகிறது. ஆகவே சேரும் தேதியைப் பொறுத்து விடை மாறும். மாணவர் நிதி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகள் தனி.

முதுகலைக் கடனின் விதி வேறு. முன்பு முதுகலை இல்லாதவராக, படிப்பு தொடங்கும்போது 60 வயதுக்குள் இருப்பவராக, குடியேற்ற நிலை, வசிப்புக் கால விதிகளுக்கு உட்பட்டவராக இருந்தால் 12 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 6 விழுக்காடு பிடிப்பார்கள். கணிதப் பட்டம் வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டாம் இளங்கலையைவிட முதல் முதுகலை எளிதில் கைக்கெட்டுவது இதனால்தான்.

ஃபால்மத் பல்கலைக்கழகமும், லண்டன் காலேஜ் ஆஃப் கம்யூனிகேஷனும் ஒளிப்பட முதுகலையை இணையவழியில் நடத்திப் பழகியவை. பின்னூட்டத்தின் இயல்பு இங்கே மாறுகிறது. ஒரே டியூட்டரின் நீண்ட கடிதத்துக்குப் பதில், குழுவாக அமர்ந்து ஒருவர் படத்தை எல்லோரும் அலசும் அமர்வுகள். சக மாணவர்களில் பத்திரிகைக்காரர், செவிலியர், கட்டடக் கலைஞர் என்று பலர் இருப்பார்கள். அவர்கள் சொல்வது சில வேளை டியூட்டர் சொல்வதைவிடக் கூர்மையாக இருக்கும். ஆனால் 180 கிரெடிட், 1,800 மணி. இரண்டு ஆண்டில் முடிக்க வாரத்துக்கு 17 மணிக்கு மேல் வேண்டும். முழுநேர வேலையோடு அது மிகக் கடினம். சேர்க்கைக்கு ஒரு போர்ட்போலியோவும் கேட்பார்கள்: ஒன்றோடொன்று பேசும் பதினைந்து, இருபது படங்கள் இல்லாதவர்கள் உடனே விண்ணப்பிக்காமல் ஓராண்டு மாலை வகுப்பில் அதைத் தயார் செய்யலாம்.

மாலை வகுப்பு

லண்டனில் 1919இல் தொடங்கிய சிட்டி லிட், 1889இல் தொடங்கிய மார்லி கல்லூரி ஆகியவை வயதுவந்தோருக்கென்றே நடப்பவை. பெரும்பாலான ஊர்களில் உள்ளூராட்சி மன்றமும் ஒரு வகுப்பாவது நடத்தும். வாரம் ஒரு மாலை, பத்து வாரத்தை ஒட்டிய ஒரு பருவம். இங்கே உங்கள் பிரிண்ட்டை ஆசிரியர் கையில் வாங்கிப் பார்ப்பார். தொலைநிலையில் கிடைக்காத பெரும் நன்மை அது. விளக்கை இடம் மாற்றினால் முகத்தில் நிழல் எப்படி நகர்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கேமராவை இன்னும் ஆட்டோவில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

குறை கணக்கிலேயே தெரியும். இரண்டரை மணி வகுப்பு, பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம் பாடம் என்றால் மீதி 90 நிமிடத்தில் ஆளுக்கு ஏழரை நிமிடம். அதுவும் பேச்சோடு போய்விடும். ஆசிரியர் சொல்வதை அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்யுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் உங்களுக்காகக் குறிப்பெடுக்கச் சொல்லி நீங்கள் அவருக்கு எடுங்கள். தன் படத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது எவருக்கும் காது சரியாக வேலை செய்யாது. பருவம் முடிந்ததும் தொடர்ச்சி அறுந்துபோவது இன்னொரு குறை. அதே ஆசிரியரின் அடுத்த வகுப்பு எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி

1853இல் தொடங்கிய இந்தச் சங்கத்தின் தகுதிநிலைகளை உலகில் எங்கிருந்தும் முயலலாம். முதல் நிலையான எல்ஆர்பிஎஸ்ஸுக்குப் பத்துப் படங்கள், அவை ஒரே சுவரில் எப்படித் தொங்கும் என்று காட்டும் அமைப்புப் படத்தோடு. அடுத்த ஏஆர்பிஎஸ்ஸுக்குப் பதினைந்து படங்களும், நோக்கத்தைச் சொல்லும் 150 சொற்களுக்கு உட்பட்ட குறிப்பும். விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை அமர்வில் காட்டிக் கருத்துப் பெறலாம், தேறாவிட்டால் காரணத்தையும் சொல்வார்கள்.

இதைப் படிப்பு என்று எண்ணிப் போகக் கூடாது. கற்றுத் தருவது இங்கே யாருமில்லை, கற்றதைச் சோதிப்பார்கள். ஆலோசகர் உங்களை ஒருமுறை பார்ப்பார், தொகுப்பு தேறுமா என்ற ஒரே கேள்வியோடு பார்ப்பார். ஏற்கெனவே ஐந்தாறு ஆண்டுகள் எடுத்துவிட்டு, நல்ல படம் நிறைய வைத்துக்கொண்டு, தொகுக்கத் தெரியாமல் நிற்பவர்களுக்கு மிகப் பொருத்தம். எல்ஆர்பிஎஸ்ஸில் விழுபவர்கள் பெரும்பாலும் தங்கள் மிகச் சிறந்த பத்தைப் போட்டவர்கள். ஒரு சூரிய அஸ்தமனம், ஒரு மீன்கொத்தி, ஒரு பாட்டி முகம் என்று ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். ஏழாவது சிறந்த படம் பல வேளை முதலாவதைவிடத் தொகுப்புக்கு உதவும்.

கேமரா கிளப்

மிக மலிவானது, மிகச் சீக்கிரம் ஆள் பழக்கம் தருவது. கிளப் போட்டியில் வெளியூர் நடுவர் ஒருவர் வந்து ஒவ்வொரு படத்துக்கும் முப்பது வினாடி முதல் ஒரு நிமிடம் வரை பேசி, பெரும்பாலும் 20க்கு மதிப்பெண் போடுவார். டிஜிட்டல் படம் பல இடங்களில் 1,600×1,200 பிக்சல், பிரிண்ட் 50×40 சென்டிமீட்டர் மவுன்ட் அட்டையில். தொழில்நுட்பக் குறைகளைக் கிளப் நடுவர்கள் போல யாரும் பிடிக்க மாட்டார்கள்: ஓரத்தில் நீட்டிய கிளை, வெளிறிய வானம், மிகை ஷார்ப்பனிங்கால் விளிம்பில் வந்த வெள்ளைக்கோடு. அந்த ஒழுக்கம் எங்கே போனாலும் உதவும்.

ஆனால் தனித்தனிப் படத்துக்கு மதிப்பெண் போடும் முறை தனித்தனிப் படங்களையே வளர்க்கும். அமைதியான, பக்கத்துப் படத்தோடு சேர்ந்தால்தான் பொருள் தருகிற படம் 20க்கு 14 வாங்கும். பத்து ஆண்டு கிளப்பில் இருந்துவிட்டுப் பட்டப் படிப்புக்கு வருகிறவர்கள் முதல் ஆண்டில் திணறுவது இதனால்தான். அவர்கள் அனுப்பும் எட்டுப் படங்களும் எட்டு வெற்றிப் படங்களாக இருக்கும், டியூட்டரோ தொடர் எங்கே என்று கேட்பார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியும். கிளப்புக்கு எடுப்பதையும் படிப்புக்கு எடுப்பதையும் வேறு வேறு கோப்புறையில் வைத்துவிட்டால் குழப்பம் குறையும்.

இவை தவிர, தனிப்பட்ட வழிகாட்டிக்கு மணிக் கணக்கில் கட்டணம் கொடுக்கலாம். டெர்பியில் 2004 முதல் நடக்கும் ஃபார்மட் போன்ற ஒளிப்பட விழாக்களில் காட்சியகக் காப்பாளர், பதிப்பாளரிடம் போர்ட்போலியோ காட்டலாம். இருபது நிமிட அளவே கிடைக்கும் அந்தச் சந்திப்புகள் முடித்த வேலைக்கு உரியவை. பாதியில் நிற்பதைக் கொண்டுபோனால் கட்டணம் வீண்.

எதை எடுப்பது

கேமராவே இன்னும் கைக்குப் பழகவில்லை என்றால் ஒரு பருவம் மாலை வகுப்பு. அதற்கு முன் பட்டப் படிப்பில் பணம் கட்ட வேண்டாம், ஏனெனில் தொலைநிலை டியூட்டர் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விடுவது என்று, சொல்லித் தருவதில் தன் நேரத்தைச் செலவிட்டால் அது உங்களுக்கு நட்டம். கேமரா பழகிவிட்டது, வாரத்துக்கு 10 மணி உறுதியாக உண்டு, முன்பு பட்டமில்லை: தொலைநிலைப் பட்டத்தின் முதல் 120 கிரெடிட். பட்டமும், மனத்தில் ஊறும் ஒரு கருவும், ஓரளவு வளைந்துகொடுக்கும் வேலையும் இருந்தால் முதுகலை. ஷிப்ட் வேலை, வாரத்துக்கு நான்கு மணிக்கு மேல் முடியாது என்பவர்கள் எல்ஆர்பிஎஸ்ஸை ஓராண்டு இலக்காக வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனி வழிகாட்டி ஒருவரிடம் ஒரு மணி நேரம் வாங்குவது நல்லது. மொத்தச் செலவும் பட்டப் படிப்பைவிடக் குறைவு. சான்றிதழே வேண்டாம், வியாழன் மாலை நாலு பேரோடு படம் பற்றிப் பேசினால் போதும் என்பவர் தயங்காமல் கிளப்பில் சேரட்டும்.

முடிவெடுத்த பிறகும் பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். டியூட்டர் பதிலுக்கு எத்தனை வேலைநாள்? பதில் எழுத்தா, அழைப்பா, தேர்வு என்னுடையதா? திருத்தியதை அதே டியூட்டர் மறுபடி பார்ப்பாரா, அல்லது கடைசி மதிப்பீட்டில்தானா? படிப்பின் ஒரு பகுதியான யூனிட் நடுவில் டியூட்டர் விலகினால் என்ன ஏற்பாடு? உடல்நலம், வேலை காரணமாக இடையில் நிறுத்தினால் எத்தனை மாதம் வரை இடம் காத்திருக்கும்? ஒரு மாதிரிப் பின்னூட்ட அறிக்கையை, மாணவர் பெயரை மறைத்து அனுப்ப முடியுமா? இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு அவர்கள் அனுப்புவதைக் கவனமாகப் படியுங்கள். படங்களை எண் சொல்லிக் குறிப்பிட்டு, மாணவரின் குறிப்போடு அவற்றை ஒப்பிட்டு, அடுத்து என்ன செய்வது என்று சொல்லியிருந்தால் சேரலாம். எந்த மாணவருக்கும் பொருந்துகிற பாராட்டும் இரண்டு ஒளிப்படக்காரர் பெயரும் மட்டும் இருந்தால், அடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்.